நற்கருணையின் முன் யார் இருப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாதத்தின் முதல் வெள்ளி வழிபாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த சிறு குறிப்புக்குப் பின், கடலூர், புதுவைப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நற்கருணை ஆராதனையைப் பற்றியே (திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பத்தின் முன் அமர்ந்து வழிபடுவதைப் பற்றியே) கேட்டிருந்தன. தனித்தனியாக அஞ்சலில் பதில் எழுதுவதை விட, இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குவது பயனுள்ளதாக இருக்கும் என்று தோன்றியது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பங்கில் முதல் வெள்ளியன்று திருப்பலிக்குப் பின் பத்து நிமிடம் நற்கருணை ஆசீர் நடைபெறுகிறது, அதற்கு மேல் ஆராதனை என்று எதுவும் இல்லை. இளைஞர் இயக்கத்தினர் நாள் முழுவதும், இரவு பகலாக, ஆராதனை தொடங்க வேண்டும் என்று ஆர்வத்தோடு கேட்கிறார்கள். பங்குத்தந்தை மூன்று கிளைப் பங்குகளையும் கவனித்துக்கொள்பவர், தயங்குகிறார். பங்குப்பேரவையில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர், மஞ்சக்குப்பம்

பதில்: சகோதரரே, உங்கள் பங்குத்தந்தையின் தயக்கத்தை ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தயங்குவதற்கு உரிய காரணம் திருச்சபையின் ஒழுங்கிலேயே இருக்கிறது. 2004ஆம் ஆண்டில் திருவழிபாடு மற்றும் அருட்சாதனப் பேராயம் வெளியிட்ட ‘மீட்பின் அருட்சாதனம்’ என்னும் அறிவுறுத்தல், எழுந்தேற்றம் செய்யப்பட்ட (மக்கள் ஆராதிக்க வெளியே எடுத்து வைக்கப்பட்ட) நற்கருணையை மிகக் குறுகிய நேரத்திற்குக்கூட ஆளில்லாமல் விட்டுவிடக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. அப்பத்தை எல்லாரும் காணும்படி வைக்கும் கதிர்ப்பாத்திரத்தில் ஆண்டவரை வைத்துவிட்டு, ‘யாராவது வருவார்கள்’ என்று நம்பிக்கொண்டு நாம் கலைந்து போக முடியாது. ஆகவே, ஆராதனையை எத்தனை மணி நேரம் நடத்தலாம் என்று பேரவையில் கேட்பதற்கு முன், அந்த மணி நேரங்களில் எத்தனை பேர் உறுதியாக வந்து அமர்வார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கான விடை இரண்டாவதிலிருந்துதான் வர வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் எழுதிப் பாருங்கள். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஒருவர் மட்டும் இருந்தால் அவருக்குத் திடீரென்று உடல்நலம் குன்றும்போது நற்கருணை தனித்து விடப்படும் என்பதால், ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது இருவர் என்று வைத்தால், இடைவிடாத ஆராதனைக்கு வாரந்தோறும் 336 வருகைகள் தேவை; இதில் மாற்று ஆட்கள் சேரவில்லை. மாதம் ஒரு முறை 24 மணி நேரம் என்றால் 48 வருகைகள். வாரம் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் என்றால் நால்வர் போதும். மாற்று ஆட்களையும் சேர்த்தால் எண்மர். உங்கள் இளைஞர்களிடம் இந்த மூன்று கணக்கையும் எழுதிக் காட்டுங்கள். அவர்கள் ஆர்வம் குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். எந்த அளவில் தொடங்கலாம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

என் கருத்து, வாரத்தில் ஒரு நாளை, அதிலும் வியாழனை, தேர்ந்தெடுங்கள். வியாழனுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. பிரான்சு நாட்டின் பரே-லெ-மோனியல் நகரில் 1674இல் புனித மார்கரெட் மரியாவுக்கு இயேசு அளித்த காட்சிகளில், கெத்சமனித் தோட்டத்தில் தாம் பட்ட வேதனையில் பங்குகொள்ள ஒவ்வொரு வியாழன் இரவும் பதினொரு மணி முதல் நள்ளிரவு வரை விழித்திருக்கும்படி கேட்டார். ‘திருமணி ஆராதனை’ என்று நாம் சொல்லும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது; முதல் வெள்ளியும் அதே காட்சிகளோடு தொடர்புடையதுதான். ஏற்கெனவே முதல் வெள்ளியைக் கடைப்பிடிக்கும் ஒரு பங்கு, அதற்கு முந்தின நாள் மாலையை ஆராதனைக்கு எடுத்துக்கொள்வது இயல்பாக அமையும்.

ஆட்களைச் சேர்ப்பதில் ஒரு வேண்டுகோள். ஞாயிறு அறிவிப்பில் ‘அனைவரும் வாருங்கள்’ என்று அழைப்பது அழகாக இருக்கும். ஆனால் அனைவரையும் அழைத்தால் குறிப்பிட்ட எவருக்கும் பொறுப்பு வராது. அதைவிட, அன்பியக் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) கூட்டங்களில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, ‘வியாழன் ஏழு முதல் எட்டு வரை இருப்பவர் யார், எட்டு முதல் ஒன்பது வரை இருப்பவர் யார்’ என்று பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். வர முடியாதவர் அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் மாற்று ஆளைத் தேட வேண்டும். இந்தச் சுமை பங்குத்தந்தையின் தலையில் விழாது என்று தெரிந்தால், அவருடைய தயக்கத்தில் பாதி குறைந்துவிடும். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வாரந்தோறும் தவறாமல் கூடிப் பழகியவர்கள். முதல் பட்டியலை அவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. இளைஞர்களுக்கு இரவின் கடைசி மணி நேரத்தைக் கொடுங்கள், அவர்கள் அதை விரும்புவார்கள். பெண்கள் மட்டும் இருக்கும்படியான இரவு நேரம் எதுவும் பட்டியலில் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குத்தந்தையின் ஒப்புதலோடுதான் எதையும் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இடைவிடாத ஆராதனை என்னும் அளவுக்கு வளர்ந்தால், அது பேராயரின் அனுமதியோடு நடைபெற வேண்டிய காரியம். மேற்சொன்ன அறிவுறுத்தலே, இடைவிடாத ஆராதனைக்கென ஒரு கோவிலைக் குறித்து வைக்கும்படி ஆயர்களுக்குப் பரிந்துரைக்கிறது. மறைமாவட்டத்தில் அப்படி ஒரு கோவில் இருந்தால் நன்று என்பதுதான் எதிர்பார்ப்பு. எல்லாப் பங்குகளும் அதைச் செய்தாக வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் பேரவையில் தெளிவுபடுத்துங்கள். ஆராதனை திருப்பலியிலிருந்து பிறந்து, திருப்பலிக்கே இட்டுச் செல்வது. அதனால்தான் நீண்ட நேர ஆராதனைக்கு, அதற்கு முன் நடக்கும் திருப்பலியிலேயே வசீகரிக்கப்பட்ட (கிறிஸ்துவின் உடலாக மாற்றப்பட்ட) அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைப்பது தகும் என்று, நற்கருணை வழிபாட்டுக்காக 1973இல் வெளியான சடங்குநூல் சொல்கிறது. நற்கருணை வழங்கி முடிந்ததும் பீடத்தின் மேல் கதிர்ப்பாத்திரம் வைக்கப்படும்; நன்றி மன்றாட்டோடு திருப்பலி நிறைவுறும்; இறுதி ஆசீர் இராது. மக்கள் அப்படியே அமர்ந்திருக்க, ஆராதனை தொடங்கிவிடும். வியாழன் மாலைத் திருப்பலியில் இப்படித் தொடங்கினால், உட்கொண்டவரையே உற்றுநோக்கி அமர்கிறோம் என்பதற்கு விளக்கவுரை தேவைப்படாது. “முதலில் ஆராதிக்காமல் எவரும் அந்த உடலை உண்பதில்லை” என்று புனித அகுஸ்தினார் சொன்னதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் எழுதிய ‘அன்பின் அருட்சாதனம்’ மடலில் எடுத்துக்காட்டுகிறார்.

இப்போது நீங்கள் நடத்தும் பத்து நிமிட ஆசீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசீர் வழங்குவதற்காக மட்டும் நற்கருணையை எழுந்தேற்றம் செய்வது தடைசெய்யப்பட்டிருக்கிறது. இறைவார்த்தை வாசகம், பாடல், மன்றாட்டு, ஓரளவு மௌனம் இவற்றுக்கு இடமளித்த பிறகே ஆசீர். எனவே அந்தப் பத்து நிமிடத்தை அரை மணியாக விரிப்பதே உங்கள் முதல் படியாகவும் அமையலாம்.

கேள்வி: நான் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை செய்கிறேன். முறை மாறிக்கொண்டே இருப்பதால் ஆராதனைப் பட்டியலில் பெயர் கொடுக்க முடியவில்லை. வேலை முடிந்து வரும் நேரத்தில் கோவிலில் நற்கருணையைப் பூட்டி வைத்திருக்கும் பேழை மட்டுமே இருக்கிறது, எழுந்தேற்றம் இல்லை. பேழைக்கு முன் அமர்ந்து செபிப்பதும் ஆராதனை ஆகுமா?
– நெய்வேலி

பதில்: ஆகும். பேழையின் கதவு மூடியிருப்பதால் உள்ளே இருப்பவர் வேறொருவர் ஆகிவிடுவதில்லை. அரை மணி நேரம் நற்கருணை ஆண்டவரைச் சந்தித்து ஆராதிக்கும் விசுவாசிக்கு, ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக வேண்டுதல், பாவப்பற்று இன்மை ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு, பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) உண்டு. அதற்கு எழுந்தேற்றம் வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை.

உங்கள் சிக்கல் நேரத்தைப் பற்றியது என்றால், அதற்கும் வழி உண்டு. வேறு முறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, இருவருமாக ஒரு மணி நேரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் இரவு ஷிப்டில் இருக்கும் வாரம் அவர் வருவார். அவர் வேலையில் இருக்கும் வாரம் நீங்கள் வருவீர்கள். பட்டியலில் இரண்டு பெயர்களையும் ஒரே கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். நெய்வேலி போன்ற ஊர்களிலும், கடலூர் சிப்காட் ஆலைகளில் வேலை செய்வோர் மிகுந்த பங்குகளிலும், அலுவலக நேரத்தை மட்டும் மனத்தில் வைத்துப் பட்டியல் தயாரித்தால் ஆண்கள் பாதிப் பேர் அதற்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

கோவில் திறந்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் கோவில், கடுமையான காரணம் இருந்தாலன்றி, நாள்தோறும் சில மணி நேரமாவது விசுவாசிகளுக்காகத் திறந்திருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் எண் 937 கூறுகிறது. உண்டியல் திருட்டுக்கு அஞ்சிக் காலைத் திருப்பலி முடிந்தவுடன் கம்பிக்கதவைப் பூட்டிவிடும் கோவில்கள் பெருகிவிட்டன. கதவுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு செபிப்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். உங்கள் பங்கிலும் அப்படி என்றால், பக்கவாசல் ஒன்றையாவது மாலை நேரத்தில் திறந்து வைக்கும்படி, அருகில் குடியிருக்கும் குடும்பங்களைப் பொறுப்பேற்கச் செய்து, பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பங்குத்தந்தை கிளைப் பங்குக்குப் போயிருக்கும் நாட்களில், நற்கருணை வழங்கும் பணியாளராக நியமிக்கப்பட்டிருக்கும் அருள்சகோதரியோ பொதுநிலையினரோ கதிர்ப்பாத்திரத்தை வைத்து ஆராதனை நடத்தலாமா? ஆசீரும் கொடுக்கலாமா?
– ஆசிரியை ஒருவர், வில்லியனூர்

பதில்: வைக்கலாம், திரும்ப எடுத்தும் வைக்கலாம், ஆசீர் கொடுக்கக் கூடாது. சட்டத் தொகுப்பின் எண் 943 இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. எழுந்தேற்றத்துக்கும் ஆசீருக்கும் உரிய பணியாளர் குருவும் திருத்தொண்டரும். சிறப்புச் சூழ்நிலைகளில், பீடத்துணைவரோ, நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளரோ, ஆயரால் குறிக்கப்பட்ட வேறொருவரோ, ஆயரின் விதிமுறைகளுக்கு உட்பட்டு எழுந்தேற்றம் செய்யலாம், பேழைக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். ஆராதனை முடிந்ததும் பாடலோடு நற்கருணையைப் பேழைக்குள் வைத்துப் பூட்டினால் போதும். கதிர்ப்பாத்திரத்தை உயர்த்திச் சிலுவை அடையாளம் வரைவதும், அதற்காகத் தோளில் துகில் போர்த்துவதும் வேண்டாம்.

குரு இல்லாத நாளில் எளிமையாக நடத்துவதே நல்லது என்பது என் எண்ணம். நற்கருணைப் பாத்திரத்தைப் பேழையிலிருந்து எடுத்துப் பீடத்தின் மேல் வைத்து நடத்துவதும் முறையான எழுந்தேற்றமே. அதற்கு இரண்டு மெழுகுதிரிகளாவது ஏற்ற வேண்டும். கதிர்ப்பாத்திரம் என்றால் நான்கு அல்லது ஆறு திரிகளும் தூபமும் உரியவை.

பேழையின் சாவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதைப் பாதுகாப்பது கோவிலுக்குப் பொறுப்பானவரின் கடமை. ஆராதனைக்கு முன், கோவில் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடமிருந்து பெற்று, முடிந்தவுடன் அவர் கையிலேயே திரும்பக் கொடுத்துவிடுங்கள். பணியாளர்களின் வீடுகளில் சாவி சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் கோவிலில் ஆராதனை என்றால் கீபோர்டு, டிரம்ஸ், ஒலிபெருக்கியில் இடைவிடாத சத்தமான செபம். முதியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். முதியவர்களோ செபமாலையை மட்டும் சொல்ல வேண்டும் என்கிறார்கள். மௌனமாக இருக்கலாம் என்று சொன்னால், ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று இரு தரப்பினரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்! ஆராதனையில் செபமாலை சொல்லலாமா? எப்படி நடத்துவது?
– பாடகர் குழு உறுப்பினர் ஒருவர், புதுச்சேரி

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. செபமாலையை ஆராதனையிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்று 2004ஆம் ஆண்டு அறிவுறுத்தலே சொல்கிறது. கிறிஸ்துவின் வாழ்வை மரியாவோடு தியானிக்கும் செபம் அது. ஆனால் ஒவ்வொரு மறைபொருளுக்கும் முன் நற்செய்திப் பகுதி ஒன்றை வாசித்து, சற்று நிறுத்தி, பிறகு சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று மணியையும் ஓட்டமாய் ஓடி முடித்துவிட்டு, உடனே பிரார்த்தனை, உடனே நவநாள், உடனே ஆசீர் என்று அடுக்குவது ஆராதனை ஆகாது. பீடத்தின் மேல் இருப்பவரை நாம் நிமிர்ந்து பார்க்கவே நேரம் வைப்பதில்லை.

இசையைப் பற்றியும் அதேதான். பாடுவது தவறு இல்லை, மகிழ்ச்சியோடு புகழ்வதும் தவறு இல்லை. ஆராதனையின் அமைப்பைப் பற்றிச் சொல்லும் சடங்குநூல், மக்களின் கவனம் கிறிஸ்து ஆண்டவர்மீது குவியும்படி மன்றாட்டுகளும் பாடல்களும் வாசகங்களும் அமைய வேண்டும் என்றும், தகுந்த நேரங்களில் புனித மௌனம் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்றும் கேட்கிறது. ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பவரின் குரலே அறுபது நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தால், கவனம் அவர்மீது குவிந்துவிடுகிறது. அவர் எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும் இது நேரும்.

ஒரு மணி நேரத்தை இப்படி அமைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு நற்கருணைப் பாடல். பிறகு, அந்த வாரத்து ஞாயிறு நற்செய்தியையே மெதுவாக வாசியுங்கள்; புதிதாக எதையும் தேட வேண்டாம். அதன்பின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு முழு மௌனம். முதல் மாதத்தில் பத்து நிமிடத்திற்கு மேல் வேண்டாம். பழகாதவர்களை அரை மணி மௌனத்தில் உட்கார வைத்தால் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். மௌனத்திற்குப் பின் செபமாலையின் ஒரு பத்தோ இரண்டு பத்தோ, அல்லது புகழ்ச்சிப் பாடல் ஒன்று. இரு தரப்பினரும் வாரம் மாறி வாரம் நடத்தட்டும். மீண்டும் மௌனம். பிறகு மன்றாட்டு, ஆசீர்ப் பாடல், ஆசீர். மாதங்கள் செல்லச் செல்ல மௌனத்தை ஐந்து ஐந்து நிமிடமாக நீட்டுங்கள். டிரம்ஸை மட்டும், உங்கள் குழுவினர் வருத்தப்பட்டாலும், இந்த ஒரு மணி நேரத்திற்கு ஒதுக்கி வைத்துவிடலாம் என்றே நான் சொல்வேன்.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்போருக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எண் 2715இல் வரும் ஆர்ஸ் ஊர் விவசாயியைச் சொல்லலாம். பேழைக்கு முன் நெடுநேரம் அமர்ந்திருந்த அவர், “நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்” என்றாராம். அவருடைய பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னி.

நீங்கள் குறிப்பிட்ட இன்னொரு தொல்லைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். புதுவையில் சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகள் கோவிலுக்குள் வந்து ஆராதனை நேரத்திலும் படம் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 1907இல் கட்டி முடிக்கப்பட்டு, 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட தூய இருதய ஆண்டவர் ஆலயம் போன்ற இடங்களுக்குக் கண்ணாடி ஓவியங்களைப் பார்க்க வருபவர்களை நாம் குறை சொல்ல முடியாது. அவர்களில் பலருக்கு அங்கே நடப்பது என்ன என்றே தெரியாது. வாசலில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் ஓர் அறிவிப்புப் பலகையும், கனிவாகப் பேசத் தெரிந்த ஒரு தன்னார்வலரும் இருந்தால் போதும். அதட்டி அனுப்புவதைவிட, ‘கொஞ்ச நேரம் அமர்ந்து போகலாமே’ என்று அழைத்துப் பாருங்கள்; சிலர் அமர்வார்கள்.

கேள்வி: நற்கருணை எழுந்தேற்றம் செய்யப்பட்டிருக்கும்போது இரு முழந்தாளும் ஊன்றி வணங்க வேண்டுமா, ஒன்று போதுமா?
– கடலூர் முதுநகர்

பதில்: பேழைக்குள் இருந்தாலும் கதிர்ப்பாத்திரத்தில் இருந்தாலும் ஒரு முழந்தாள் ஊன்றுவதே 1973ஆம் ஆண்டு சடங்குநூலின் முறை. பழைய பழக்கத்தின்படி இரண்டையும் ஊன்றும் பெரியவர்களைத் திருத்தப் போக வேண்டாம்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் மாதம் ஒரு நாள், காலை முதல் மாலை வரை ஆராதனை தொடங்கினோம். முதலில் கோவில் நிறைந்தது. இப்போது நண்பகலில் இரண்டு பாட்டிமார் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உறங்கிவிடுகிறார். நிறுத்திவிடலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது.
– அன்பியப் பொறுப்பாளர் ஒருவர், அரியாங்குப்பம்

பதில்: நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். கூட்டம் குறைந்த ஆராதனையைத் தோல்வி என்று எண்ணி ஒட்டுமொத்தமாகக் கைவிடுவதும், குறைந்ததைப் பார்க்காதவர்போல நாள் முழுவதும் நற்கருணையைத் தனியே வைத்திருப்பதும் இரண்டுமே சரியல்ல. போதிய மக்கள் கூடுவார்கள் என்று எதிர்பார்க்க முடிந்தால்தான் நீண்ட எழுந்தேற்றம் என்பது சட்டத் தொகுப்பின் எண் 942இன் நிபந்தனை. போதிய ஆட்கள் இல்லாத நேரங்களில், முன்கூட்டியே அறிவித்து, நற்கருணையைப் பேழைக்குள் வைத்துவிட்டு மீண்டும் எழுந்தேற்றம் செய்யவும் சடங்குநூல் இடமளிக்கிறது. ஆனால் ஒரு நாளில் இரு முறைக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாது. ஆகவே பன்னிரண்டு மணிக்கு எளிமையாகப் பேழைக்குள் வைத்துவிட்டு, நான்கு மணிக்கு மீண்டும் தொடங்குங்கள். பாட்டிமாரை அந்த நேரம் வீட்டுக்குப் போய் உணவருந்தி ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். உறங்கிவிட்டாரே என்று யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கெத்சமனியில் உறங்கியவர்கள் திருத்தூதர்கள்.

கூட்டம் குறைந்ததற்கு ‘பக்தி குறைந்துவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. நடைமுறைக் காரணங்களையும் பாருங்கள். தொடக்கத்தில் பட்டியல் எழுதியவர் யார்? அவர் வேறு ஊருக்குப் போய்விட்டாரா? பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வேலையில், அதே வீட்டில் இருக்கிறார்கள்? பெரும்பாலான பங்குகளில் ஆராதனைப் பட்டியல் ஒரு முறை எழுதப்பட்டு, அறிவிப்புப் பலகையில் வெளுத்துப் போகும்வரை தொங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவையொட்டி, பழைய பட்டியலை முழுவதுமாக எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். ‘ஓர் ஆண்டுக்கு மட்டும்’ என்று கேட்டால் பெயர் கொடுக்க முன்வருபவர்கள், கால எல்லை சொல்லாமல் கேட்டால் தயங்குவார்கள். ஓராண்டு முடிந்ததும் விலக விரும்புபவர் குற்ற உணர்வின்றி விலக முடிய வேண்டும்.

நம் பகுதியின் பருவங்களும் இதில் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரியாங்குப்பத்துத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது முதியவர்கள் எப்படி வருவார்கள்? பொதுத்தேர்வு மாதங்களில் மாணவர்களின் வீடுகளிலிருந்து யாரும் வருவதில்லை. மே மாதத்து நண்பகல் வெயிலில், மின்விசிறி நின்றுபோன கோவிலில் உட்காருவது இளைஞர்களுக்கே கடினம். அந்தந்த மாதங்களுக்கு நேரத்தைக் குறைத்து அறிவித்துவிடலாம். ஊர்த்திருவிழாவின் நவநாட்களில் ஆராதனை நாள் வந்தால் அதை அடுத்த வாரத்திற்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை. ஆனால் மாற்றிய நாளை எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும். ‘இன்றைக்கு உண்டா, இல்லையா’ என்ற ஐயத்தோடு கோவில்வரை வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை வர மாட்டார்.

ஆராதனை நேரத்தில் ஒரு மணி நேரமாவது குரு பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருந்தால், கூட்டம் தானாக வருவதைப் பல பங்குகளில் காணலாம். மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிள்ளைகளைப் பதினைந்து நிமிடம் அழைத்து வந்து, முன்வரிசையில் தரையில் அமர வைத்து, ஒரே ஒரு பாடலும் கொஞ்சம் மௌனமும் என்று அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் வந்தால் பெற்றோரும் வருவார்கள். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் பதினைந்து வயதில் இறந்த சிறுவர். நாள்தோறும் திருப்பலிக்குப் போனவர், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்வது, நாம் அறிவுரை சொல்வதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கடற்கரைக்கு அருகில் உள்ள பங்கு என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஈரக்காற்றில் பெரிய அப்பம் விரைவில் நமுத்துவிடும். உப்புக்காற்றில் கதிர்ப்பாத்திரத்தின் பித்தளைப் பாகங்களும் கறுக்கும். கதிர்ப்பாத்திரத்துக்கான அப்பத்தை அடிக்கடி புதுப்பிக்கும்படி பங்குத்தந்தைக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கோவிலில் ஆராதனையை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்புகிறோம். இப்போது பலர் வீட்டிலிருந்தே பார்ப்பதால், இரவில் கோவிலில் யாரும் இல்லாமல் கேமராவை மட்டும் ஓடவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள்.
– நெல்லித்தோப்பு

பதில்: கூடாது. கேமரா ஆராதிப்பதில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் நேரலை ஆறுதலாக இருக்கலாம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கோவிலில் ஆள் இல்லாத நொடியில் நற்கருணை பேழைக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: பெரிய வியாழன் இரவு, பூக்களால் அலங்கரித்த சிறு பீடத்தில் கதிர்ப்பாத்திரத்தை வைத்து விடிய விடிய ஆராதனை நடத்துகிறோம். ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். இந்த ஆண்டு வந்த புதிய உதவிப் பங்குத்தந்தை கதிர்ப்பாத்திரம் வேண்டாம் என்கிறார். மக்கள் வருத்தப்படுகிறார்கள்.
– கடலூர்

பதில்: உதவிப் பங்குத்தந்தை சொல்வது சரி. அன்றைய இரவு நற்கருணை மூடிய பேழையிலோ சிமிழிலோ வைக்கப்பட வேண்டும், எந்தச் சூழலிலும் கதிர்ப்பாத்திரத்தில் எழுந்தேற்றம் செய்யக் கூடாது என்று, பாஸ்காக் கொண்டாட்டங்களைப் பற்றி 1988இல் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட சுற்றுமடல் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. நள்ளிரவு வரை சிறப்பாக ஆராதனை நடத்தலாம். நள்ளிரவுக்குப் பின் ஆண்டவரின் பாடுகளின் நாள் தொடங்கிவிடுவதால், வெளி ஆடம்பரம் இல்லாமல் அமைதியாக விழித்திருக்கலாம். அன்பியங்களுக்கு மணி நேரம் ஒதுக்கும் உங்கள் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது மிக நல்ல ஏற்பாடு. அந்த இரவில் வாசிக்க யோவான் நற்செய்தியின் 13 முதல் 17 வரையிலான அதிகாரங்களையே அந்தச் சுற்றுமடல் பரிந்துரைக்கிறது. ஒரு மணிக்கு ஓர் அதிகாரம் என்று பிரித்தால் ஐந்து அன்பியங்களுக்குச் சரியாக வரும். ஆறாவது அன்பியம் இருந்தால், அவர்களுக்கு முழு மௌனத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களிடம், ‘பாஸ்கா முடிந்த பிறகு மாதம் ஒரு வியாழன் இதே மணி நேரத்தை வைத்துக்கொள்ள முடியுமா’ என்று உயிர்ப்புப் பெருவிழா வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆராதனை இன்னும் தொடங்காத பங்குகளுக்கும் இதைவிடத் தயாரான பட்டியல் வேறு கிடைக்காது.